கிழமைக்கு இரண்டு தடவை: இரத்தக் காசும் எழுத்தும்

கத்லீன் மக்லாஃப்லின் எழுதி 2023இல் வெளிவந்த 'பிளட் மணி' என்னும் நூலைப் பற்றி மட்டும் எழுதும் எண்ணத்துடனேயே இக்கட்டுரையைத் தொடங்கினேன். எழுத எழுத இரண்டு சீன நாவல்களும் வேறோர் அமெரிக்க நூலின் சில பக்கங்களும் வந்து சேர்ந்துகொண்டன. நான்கும் தமது உடம்பிலிருந்து இரத்தத்தையோ அதன் ஒரு பகுதியையோ விற்றுக் காசு பெறுபவர்களைப் பற்றியவை. சீன நாவல்களை நான் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே வாசித்தேன். ஆகவே அவற்றின் மொழிநடை குறித்து ஏதும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கதை எப்படிச் சொல்லப்படுகிறது, யார் சொல்கிறார் என்பது பற்றியே பேசப்போகிறேன்.

முதலில் தலைப்பு. 'பிளட் மணி' என்பதை 'இரத்தப் பணம்' என்று தமிழாக்கினால் நம் வாசகருக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் சவூதிச் சிறையில் இருந்த ஆண்டுகளில் நமது பத்திரிகைகள் அந்தச் சொல்லைத் 'தியத்' என்ற பொருளில் திரும்பத் திரும்ப அச்சிட்டன. 2013 ஜனவரி 9ஆம் திகதி அந்தப் பிள்ளைக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகு, அச்சொல்லை வேறு பொருளில் எழுத எனக்குக் கை வருவதில்லை. அது போன உயிருக்கு ஈடாகக் கேட்கப்படுவது. இங்கே பேசப்படுவதோ உயிரோடிருப்பவர் கிழமைதோறும் கையில் வாங்கிச் செல்லும் சில்லறை. 'இரத்தக் காசு' என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த சிக்கல், காசு வாங்குபவரை என்ன சொல்லி அழைப்பது என்பது. ஐக்கிய அமெரிக்காவின் பிளாஸ்மா நிலையங்களில் எல்லாரும் 'கொடையாளிகள்' தாம். அறிவித்தற் பலகையிலும் ஒப்பமிடும் படிவத்திலும் ஊழியர் கூப்பிடும் போதும் அதே சொல். கொடுக்கப்படும் தொகை இரத்தத்தின் விலையல்ல, செலவிட்ட நேரத்துக்கான ஈடு என்று விளக்கம் சொல்வார்கள். அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளிக்கு நேரடியாக ஏற்றப்படும் இரத்தம் என்றால், அது காசு வாங்கியவருடையதா வாங்காதவருடையதா என்று 1978 முதல் பையிலேயே எழுதியாக வேண்டும். அப்படி எழுத நேர்ந்ததும் காசுக்கு வாங்கிய இரத்தத்தை ஆஸ்பத்திரிகள் விரும்பவில்லை. அந்த வியாபாரம் தானாகவே படுத்துவிட்டது. மருந்துத் தொழிற்சாலைக்குப் போகும் பிளாஸ்மாவுக்கு இந்த விதி இல்லை. அதனால் அங்கே விற்பனை தழைத்தது, 'கொடை' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தமிழில் 'தானம்' என்ற சொல்லின் கனம் இன்னும் கூடுதல். நானோ இக்கட்டுரை முழுவதும் 'விற்பவர்' என்றே எழுதுகிறேன். மக்லாஃப்லினும் அந்தச் சொல்லைத்தான் விரும்புகிறார். அவரது நூலில் நான் மதிக்கும் முதல் விடயம் அது.

பிளாஸ்மா என்பது நாம் பாடசாலையில் 'திரவவிழையம்' என்று படித்ததுதான். இரத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு, வைக்கோல் நிறத் திரவம், பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் புரதமும் உப்பும். முழங்கைக் குழியில் ஊசி ஏற்றி இரத்தத்தை இயந்திரத்துக்குள் இழுக்கிறார்கள். அது சுழன்று பிளாஸ்மாவைப் பிரித்துப் போத்தலில் விட்டுவிட்டுச் சிவப்பணுக்களை அதே ஊசிவழியே உடம்புக்குத் திருப்பி அனுப்புகிறது. உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கொஞ்சம் உள்ளே போவதால் உதட்டில் ஒரு மினுமினுப்பு, உடம்பில் ஒரு குளிர். ஒரு மணித்தியாலம், சிலவேளை அதற்கு மேல். உடம்பின் நிறைக்கேற்ப 690 தொடக்கம் 880 மில்லிலீற்றர் வரை எடுக்க அங்கே அனுமதி உண்டு. 50 கிலோவுக்குக் குறைந்தவரிடம் எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கானோரின் போத்தல்களை ஒன்றாகக் கலந்து தொழிற்சாலையில் இம்யூனோகுளோபியூலின், அல்புமின், குருதி உறையாமை நோயாளிகளுக்கான காரணி என்று பிரித்தெடுக்கிறார்கள். உலகில் திரட்டப்படும் பிளாஸ்மாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கரின் கைகளிலிருந்து வருகிறது. ஜேர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, செக் குடியரசு போன்ற ஒரு சில நாடுகளே காசு கொடுத்து எடுக்க இடமளிக்கின்றன.

இலக்கியக் கட்டுரையில் இந்தக் கணக்குகள் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. முழு இரத்தம் கொடுத்தவரின் சிவப்பணுக்கள் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கு வேண்டும். நமது நாட்டில் நான்கு மாத இடைவெளி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்மாவில் சிவப்பணு திரும்பி வந்துவிடுகிறது, தண்ணீர் ஓரிரு நாளில் ஊறிவிடுகிறது. ஆகவே ஏழு நாளில் இரண்டு தடவை, இடையில் குறைந்தது ஒரு நாள் என்று அமெரிக்க விதி அனுமதிக்கிறது. அதாவது வருடத்துக்கு நூறு தடவைக்கு மேல். ஜேர்மனியில்கூட வருடத்துக்கு 60 தடவைதான். இரத்தம் விற்பது ஒரு சம்பவமாக இருந்த இடத்தில், பிளாஸ்மா விற்பது ஒரு தொழிலாகிறது. இந்த மாற்றத்தை எழுத்து எப்படி எதிர்கொண்டது என்பதே என் கேள்வி.

யூ ஹுவாவின் 'இரத்த வியாபாரியின் வரலாறு' 1995இல் வெளிவந்த நாவல். அதன் நாயகன் சூ சன்குவான் பட்டுத் தொழிற்சாலைக் கூலியாள். உறவினரைப் பார்க்கக் கிராமத்துக்குப் போகும்போது, இரத்தம் விற்றிராத ஆணுக்கு அங்கே பெண் கொடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்படுகிறான். விற்கத் திராணியுள்ளவன்தான் ஆரோக்கியமானவன் என்பது ஊர்க் கணக்கு. இரண்டு கிராமத்தவரோடு அவனும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறான். இரத்தம் பெருகும் என்று நம்பிக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள், இரத்தத் தரகருக்குக் கையுறை கொடுக்கிறார்கள். விற்று முடித்து உணவகத்தில் உட்கார்ந்து, மேசையில் தட்டி, ஒரு தட்டு பொரித்த பன்றி ஈரலும் சூடாக்கிய அரிசி மதுவும் கொண்டுவரச் சொல்கிறார்கள். இரண்டும் நமக்கு ஆகாதவை. ஆனாலும் நாவலில் அந்தத் தட்டு வரும்போதெல்லாம் வாசகனுக்கும் நெஞ்சு சற்று ஆறுகிறது என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

முதன்முறை 35 யுவான் கையில் வந்ததும் சூ சன்குவான் ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறான். தொழிற்சாலையில் கிடைப்பது வியர்வைக் காசு, இது இரத்தக் காசு. வியர்வைக் காசை அன்றாடத்துக்குச் செலவழிக்கலாம், இரத்தக் காசைப் பெரிய காரியத்துக்குத்தான் செலவழிக்கவேண்டும். அந்தக் காசில் அவன் கல்யாணம் முடிக்கிறான். நாவலின் முழுக் கட்டுமானமும் இந்த ஒரு விதியில் நிற்கிறது. மகன் யிலே இன்னொரு பிள்ளையின் மண்டையை உடைத்ததற்கு நட்டஈடு கொடுக்க ஒரு தடவை. பஞ்சத்தில் ஐம்பத்தேழு நாள் சோளக் கஞ்சி குடித்த குடும்பத்துக்கு ஒரு வேளை நூடில்ஸ் வாங்கிக் கொடுக்க ஒரு தடவை. கடைசியில் யிலேக்கு ஈரல் அழற்சி கண்டு ஷங்காய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, வழிநெடுக ஊர் ஊராக இறங்கி விற்று விற்று அவனே சாகக் கிடக்கிறான். அந்த யிலே அவன் பெற்ற பிள்ளையல்ல, மனைவியின் பழைய உறவில் பிறந்தவன். நாவல் முழுவதிலும் அவன் விற்பது பத்துப் பன்னிரண்டு தடவைதான். ஒவ்வொன்றும் ஒரு திருப்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒரு சடங்கு, ஒரு தட்டு ஈரல்.

அறுபது கடந்த பிறகு, எந்தத் தேவையுமில்லாமல், அந்த ஈரலைத் தின்னவேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் விற்கப் போகிறான். ஆஸ்பத்திரியின் இளம் தரகன், உனது இரத்தம் மரச்சாமானுக்குப் பூசத்தான் ஆகும் என்று துரத்திவிடுகிறான். கிழவன் தெருத்தெருவாக அழுதுகொண்டு போகிறான். இனி வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் என்ன செய்வது என்பதே அவனது அழுகை. சுரண்டப்பட்டவன் சுரண்டல் நின்றதற்காக அழுகிறான் என்று சிலர் இதை வாசிக்கக்கூடும். எனக்கு அது போதாத வாசிப்பாகவே படுகிறது. தன் குடும்பத்துக்குத் தானே காப்புறுதியாக இருந்த ஒருவன், அந்தக் காப்புறுதி காலாவதியானதை அறியும் இடம் அது. யூ ஹுவா அவனுக்காக இரங்கவில்லை, அவனோடு கூடவே நடக்கிறார். நாவலின் பலம் இங்கேதான்.

யான் லியங்கேயின் 'டிங் கிராமத்தின் கனவு' (2006) வேறு நிலத்தில் நிற்கிறது. 1990களின் முற்பகுதியில் ஹெனான் மாகாணத்தில் அதிகாரிகளே ஊக்குவித்த பிளாஸ்மாப் பொருளாதாரம் அதன் பின்புலம். விவசாயிகளின் இரத்தத்தை வகை பார்த்து ஒன்றாகக் கலந்து சுழற்றி, பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சிவப்பணுக் கலவையை அவர்களுக்கே பங்கிட்டு ஏற்றினார்கள். இரத்தம் 'திரும்பி வருகிறது' என்பதால் பயம் நீங்கிற்று, அடிக்கடி விற்கவும் முடிந்தது. ஒருவரின் உடம்பிலிருந்த எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சிக் கிருமியும் அதே வழியில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன. இதை வெளியே சொன்ன வைத்தியர்களுள் வாங் ஷுபிங் 2019இலும், காவோ யாவ்ஜியே 2023இலும் அமெரிக்க மண்ணில் காலமானார்கள். சொந்த நாட்டில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இந்த நாவலின் கதைசொல்லி பன்னிரண்டு வயதில் கொல்லப்பட்ட ஒரு சிறுவன். ஊரின் மிகப்பெரிய இரத்தத் தரகனான தகப்பன்மேல் இருந்த ஆத்திரத்தில் ஊரார் பிள்ளைக்கு நஞ்சு வைத்துவிடுகிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து அவன் பேசுகிறான். பாட்டன் ஆற்றுப்படுகையின் மணலைத் தோண்டி, அள்ள அள்ள ஊறும் தண்ணீரைக் காட்டி, இரத்தமும் இப்படித்தான் என்று ஊராருக்கு விளக்கும் இடம் மறக்க முடியாதது. நல்ல மனிதர் ஒருவர், நல்ல உவமை ஒன்றினால், ஒரு கிராமத்தையே கொல்கிறார். உவமையை நம்பித் தொழில் செய்யும் நாம் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பயத்தோடுதான் வாசிக்கவேண்டும். தலைசுற்றி விழுந்தவனைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, இரத்தத்தைத் தலைக்கு இறக்கிவிடும் காட்சியும் அப்படியானதே.

ஆனால் இந்நாவலில் விற்பவர்களின் அன்றாடம் நமக்குத் தெரிய வருவது குறைவு. நோய் வந்த பிறகுள்ள காலமே கதையின் நிகழ்காலம். விற்பனை, கிராமம் செய்த பாவத்தின் நினைவாகப் பின்னோக்கில் சொல்லப்படுகிறது. சவப்பெட்டி விற்பதும், இறந்தவருக்கு இறந்தவரை மணம் முடித்துவைத்துத் தரகு வாங்குவதுமாகத் தகப்பன் பாத்திரம் ஊதிப் பெருத்துக்கொண்டே போகிறது. பிற்பகுதியில் எனக்கு அது சலித்தது. உருவகம் கனக்கக் கனக்க, கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் கண்ணிலிருந்து மறைகிறார்கள். பேசுவதற்கு ஓர் இறந்த பிள்ளைதான் கிடைத்தான். இது அந்நாட்டின் தணிக்கைச் சூழலோடு தொடர்புடையதாகவும் இருக்கலாம். நாவல் சீனாவில் விற்பனைக்குத் தடுக்கப்பட்டது.

மக்லாஃப்லினுக்கு வருவோம். அவர் நாவலாசிரியர் அல்ல, நீண்டகாலம் சீனாவில் பணிபுரிந்த பத்திரிகையாளர். அவருக்கு நரம்புகளைத் தாக்கும் அரிய நோய் ஒன்று. அதற்கு மருந்து இம்யூனோகுளோபியூலின், அதாவது ஆயிரக்கணக்கான அந்நியரின் பிளாஸ்மா. ஹெனானில் நடந்ததை அறிந்திருந்ததால் சீனப் பிளாஸ்மாவை நம்ப அவருக்குப் பயம். எனவே அமெரிக்காவிலிருந்து மருந்தைப் பயணப்பெட்டிக்குள் வைத்துச் சீனாவுக்குக் கடத்திச் செல்கிறார். சீன ஏழையின் இரத்தத்துக்குப் பயந்து அமெரிக்க இரத்தத்தை நாடியவர், அந்த அமெரிக்க இரத்தம் யாருடையது என்று பிற்காலத்தில் விசாரிக்கத் தொடங்குகிறார். அதுவும் ஏழையினுடையதே. நூலின் மிகச் சிறந்த பகுதி இதுதான். தான் உயிர் வாழ்வது எவர் கையிலிருந்து என்று கேட்கும் எழுத்தாளர் வெளியிலிருந்து தீர்ப்பு எழுத முடியாது. அவர் எழுதவுமில்லை.

பிறகு அவர் ஊர் ஊராகப் போகிறார். கார்த் தொழிற்சாலைகள் போய், குழாய்த் தண்ணீரும் நஞ்சாகிப்போன மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ற். மோர்மன் மாணவர்கள் படிப்புச் செலவுக்கு விற்கும் ஐடஹோவின் ரெக்ஸ்பேர்க். மெக்சிக்கோவிலிருந்து பாலம் கடந்து வந்து விற்றுவிட்டுத் திரும்பிப்போகும் எல்லை நகரமான எல் பாசோ. எல்லையைக் கடந்து வருபவர்களை 2021 ஜூனில் அமெரிக்க எல்லைக் காவல் திணைக்களம் தடுத்தது. விற்பது வேலை செய்வதற்குச் சமம், வருகை விசாவில் வேலை செய்யமுடியாது என்பது அவர்களின் வாதம். கம்பனிகள் வழக்குப் போட்டன. 2022 செப்டம்பரில் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. நான் மேலே சொன்ன சொற்சிக்கலுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நிலையத்துக்குள் அது கொடை, எல்லைச் சாவடியில் அது கூலிவேலை. இந்த முரணை இன்னும் துருவியிருந்தால் நூல் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

என் குறை இதுதான். விற்பவர்கள் இந்நூலில் பலர் வருகிறார்கள், எவரும் தங்குவதில்லை. ஒருவர் தன் கதையைச் சொல்லி, முழங்கைக் குழியின் தழும்பைக் காட்டி, தனக்கு வெட்கம் என்றோ வெட்கமில்லை என்றோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த அத்தியாயத்தில் அடுத்த ஊர். பெயர்கள் எனக்குக் கலந்து போயின. ஆயிரம் பேரின் போத்தல்கள் ஒன்றாகக் கலக்கப்படுவதைப் போலவே இதுவும் ஆகிவிட்டதே என்று தோன்றிற்று. திரும்பத் திரும்ப எஞ்சுவது ஒரு முகம்தான், மருந்து ஏற்றிக்கொள்ளும் எழுத்தாளரின் முகம். யூ ஹுவாவில் விற்பவன் பேசினான், யான் லியங்கேயில் தரகனின் இறந்த பிள்ளை பேசினான், இங்கே வாங்குபவர் பேசுகிறார்.

இது மக்லாஃப்லினின் திறமைக் குறைவு மட்டுமல்ல, பொருளே அப்படிப்பட்டது என்று இப்போது எண்ணுகிறேன். சூ சன்குவானின் விதி பிளாஸ்மா நிலையத்தில் செல்லுபடியாகாது. அங்கே இரத்தக் காசும் வியர்வைக் காசும் வேறு வேறல்ல. செவ்வாய்க்கிழமைக் காசு பெற்றோலுக்கு, வெள்ளிக்கிழமைக் காசு பாலுக்கும் பிள்ளையின் அரைக் கச்சைக்கும் என்று போகிறது. கையில் நோட்டாகக்கூடத் தருவதில்லை, ஓர் அட்டையில் ஏற்றிவிடுகிறார்கள். மேசையில் தட்டி ஈரல் கேட்கும் சடங்குக்கு அங்கே இடமில்லை. கிழமையின் இரண்டாவது தடவைக்கு முதல் தடவையைவிடக் கூடுதலாகக் கொடுப்பது நிலையங்களின் வழக்கம். புதிதாக வருபவருக்கு முதல் மாதத்தில் பெருந்தொகை ஆசை காட்டுவதும் உண்டு. விட்டுவிட்டு வருபவருக்கு நட்டம், தவறாமல் வருபவருக்கே இலாபம் என்று ஏற்பாடு. இதை 'மேலதிக வருமானம்' என்று விளம்பரம் சொல்கிறது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாத இடத்தை நிரப்பும் காசில் மேலதிகம் எது? முதல் மாதத்தில் மேலதிகமாக இருந்தது ஆறாம் மாதத்தில் அடிப்படையாகிவிடுகிறது. நூற்று நான்கு தடவை ஒரே கட்டிலில், ஒரே ஊசியில் நடக்கும் ஒன்றுக்குத் திருப்பம் எங்கிருந்து வரும்? நாவல் திருப்பத்தில் வாழ்வது, இந்த வாழ்க்கையோ அட்டவணையில்.

வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் இலக்கியக்காரர்கள் அல்லர், இரண்டு சமூக ஆய்வாளர்கள். கத்ரின் ஈடினும் லூக் ஷேஃபரும் 2015இல் எழுதிய நூல், நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு டொலர் காசுகூடக் கண்ணில் காணாத அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றியது. அதில் டெனசி மாநிலத்தின் ஜோன்சன் சிற்றியில் வாழும் இளம் தாய் ஒருத்தி வருகிறாள். புனைபெயரில்தான். அவள் பிளாஸ்மா விற்றுக் கொண்டுவரும் ஏறத்தாழ 30 டொலர்தான் அந்த வீட்டுக்குள் வரும் காசு. ஊசிக்கு அவள் பயப்படவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதே அவளது பயம். கட்டிலுக்குப் போகுமுன் நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு துளி எடுத்து இரும்பும் புரதமும் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று பிசகினால் அன்று காசில்லை. அதனால் இரும்புச்சத்துள்ள தின்பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கித் தின்றுவிட்டுப் போகிறாள். பதற்றத்தில் நாடி ஏறினால் அதுவே தடையாகும் என்பதால் பதறாமலிருக்கப் பதறுகிறாள். விற்பனை வழக்கமாகிவிட்ட இடத்தில், மறுக்கப்படுவதுதான் சம்பவம். சூ சன்குவானுக்கு அறுபது வயதில் ஒரே ஒரு தடவை நேர்ந்தது, இவளுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை வாசலில் காத்திருக்கிறது. ஓர் எழுத்தாளன் தொடங்க வேண்டிய இடம் அந்த விரல் நுனிப் பரிசோதனை என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நம் வாசகர் ஒருவர் மார்க்கத்தின் நிலை என்ன என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. அபூ ஜுஹைஃபா (ரழி) அவர்கள் வழியாக புகாரியில் வரும் ஹதீஸ் இரத்தத்தின் விலையைத் தடுக்கிறது. அது இரத்தத்தையே விற்பதைக் குறிக்கிறதா, இரத்தம் குத்தி எடுப்பவரின் கூலியைக் குறிக்கிறதா என்பதில் விளக்கவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மக்காவில் ராபிதாவின் பிக்ஹு சபை 1989இல் எடுத்த தீர்மானம் விற்பனையைக் கூடாது என்கிறது. சும்மா கொடுப்பார் எவருமில்லாத நிர்ப்பந்தத்தில் நோயாளி காசு கொடுத்துப் பெறலாம், அப்போது பாவம் காசை வாங்கியவர் மேல். ஊக்கப்படுத்துவதற்காக அன்பளிப்பாகக் கொடுப்பதில் தடையில்லை என்றும் அது சொல்கிறது. தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. ஒரு வாசகனாக நான் கவனிப்பது வேறு. நோயாளியின் ழரூரத் அங்கே கணக்கில் எடுக்கப்படுகிறது. ஜோன்சன் சிற்றித் தாயின் பட்டினியும் ஒரு ழரூரத் அல்லவா என்ற கேள்வியை அந்தத் தீர்மானத்தின் வாசகம் எழுப்பவில்லை. அன்பளிப்பு என்ற வாசலோ, பிளாஸ்மாக் கம்பனிகள் தமது படிவத்தில் திறந்துவைத்திருக்கும் அதே வாசல் போலத் தெரிகிறது. மக்லாஃப்லினின் நூலும் நோயாளியின் தேவையிலிருந்தே புறப்படுகிறது. தேவை என்று வரும்போது நம் கண் முதலில் நோயாளியிடம் போகிறது, பசித்தவனிடம் பிறகுதான் போகிறது.

ரிச்சர்ட் டிட்மஸ் 1970இலேயே பிரித்தானியாவின் இலவச இரத்தத்தையும் அமெரிக்காவின் விலை இரத்தத்தையும் ஒப்பிட்டு, காசு வந்தால் நோயும் கூடவே வரும், கொடுக்கும் மனமும் வற்றும் என்று எழுதினார். நோயைப் பற்றி அவர் சொன்னது 1980களில் நிரூபணமாயிற்று. அமெரிக்க விலைப் பிளாஸ்மாவில் செய்த மருந்தினால் பிரித்தானியக் குருதி உறையாமை நோயாளிகள் பலர் எச்.ஐ.வி.க்கு ஆளானார்கள். அது பற்றிய விசாரணையின் இறுதி அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளிவந்தது. இன்று தொழிற்சாலையில் கிருமியழிப்பு நடப்பதால் மருந்து பாதுகாப்பானதாகிவிட்டது. மருந்து பாதுகாப்பானதும் விற்பவரைப் பற்றிய பேச்சும் அடங்கிவிட்டது.

நமது எழுத்தில் இரத்தம் எப்படி வருகிறது? இன ஒற்றுமைக் கதைகளில் இரத்ததானம் செய்யாத பாத்திரம் அருமை. சிங்களச் சிப்பாய்க்கு முஸ்லிம் இளைஞனின் இரத்தம், தமிழ்த் தாய்க்குச் சிங்களத் தாதியின் இரத்தம், கடைசி வரியில் எல்லாருக்கும் ஒரே சிவப்பு. நல்ல நோக்கம்தான். ஆனால் ஐம்பது தடவை எழுதப்பட்ட பின்னர் அந்தச் சிவப்பு வெளுத்துவிட்டது. 2014இலிருந்து நமது இரத்த வங்கி முழுக்க முழுக்கக் காசு வாங்காத கொடையாளிகளில் இயங்குகிறது. பள்ளிவாசல் மண்டபத்திலும் பாடசாலையிலும் பன்சலையிலும் முகாம் நடக்கிறது. ஏழை நாடொன்றுக்கு இது சிறிய சாதனையல்ல. அதனாலேயே விற்பவர் என்ற பாத்திரம் நம் கற்பனைக்கு எட்டாமலும் போயிருக்கலாம். ஆயினும் நமது ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் இம்யூனோகுளோபியூலின் வெளிநாட்டிலிருந்து வருவது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் குப்பிகள் இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகிக்கப்பட்ட விவகாரம் வெளிவந்து, அக்கொள்வனவு நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அப்போது பத்திரிகைகளில் அமைச்சர், விநியோகத்தர், அதிகாரிகள் என்று எல்லாரும் பேசப்பட்டார்கள். உண்மையான குப்பி ஒன்றுக்குள் இருக்கவேண்டியது என்ன, அது யார் யாருடைய கையிலிருந்து வருவது என்று ஒரு பத்தியாவது எழுதப்பட்டதை நான் காணவில்லை.

மக்லாஃப்லினின் நூலை வாசிக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பயணப்பெட்டி அத்தியாயங்களுக்காகவும் எல் பாசோ பகுதிக்காகவும் அது அவசியம் வாசிக்கத்தக்கது. ஆனால் முதலில் யூ ஹுவாவை வாசிக்கவேண்டும். ஈரல் தட்டின் சூடு கையில் இருக்கும்போதே ஈடின், ஷேஃபர் எழுதிய அந்தச் சில பக்கங்களுக்குப் போகவேண்டும். அரை மணித்தியாலம்கூட ஆகாது. அந்தப் பெண் ஒரு தடவை கட்டிலில் கிடக்கும் நேரத்திலும் குறைவு.